கல்லைக் காத்தல்: செந்தூர்க் கடற்கரை தரும் பாடம்

கல் அழியாதது என்று கருதுவது உலக வழக்கு. நிலைத்து நிற்கவேண்டும் என்று நாம் விரும்பும் எதனையும் கல்லில் வெட்டிவைக்கிறோம். ஜினாகமமோ, புத்கலம் எவ்வடிவில் இருப்பினும் தோன்றுதல், அழிதல், நிலைத்தல் ஆகிய மூன்றும் அதன் இயல்பே என்கிறது. பொருள் நிலைக்கும்; பரியாயம் மாறும். கல்லும் இதற்கு விலக்கன்று. இவ்வுண்மையைத் தர்மோபதேசங்களில் பலமுறை செவியால் கேட்டிருக்கிறோம். கண்ணால் கண்டது திருச்செந்தூர்க் கடற்கரையில்தான்.

கழுகுமலை யாத்திரைக்காகச் சிராவக சிராவகியர் சிலர் ஒன்றுகூடி நெல்லைச் சீமைக்குச் சென்றிருந்தோம். மலைத் தரிசனத்திற்கு முன் ஒருநாள் பொழுது இருந்தது. திருச்செந்தூர் சென்று வரலாம் என்றபோது, முருகன் கோயில் ஊரில் நமக்கு என்ன வேலை என்று சிலர் வினவினர். வேலை இருந்தது. 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட பாண்டிய மன்னன் இரண்டாம் வரகுணனின் வட்டெழுத்துச் சாசனம் அக்கோயிலில் உள்ளது. 1400 பொற்காசுகளை ஊர்ச்சபைகளிடம் முதலாக வைத்து, அதன் வட்டியால் ஆண்டு முழுதும் வழிபாடு நடக்க ஏற்பாடு செய்ததை அது கூறுகிறது. இம்மன்னனின் ஆட்சிக் காலத்திற்கும் நம் சமயத்திற்கும் உள்ள தொடர்பைப் பின்னர்ச் சொல்வோம். யாத்திரைக்குப் பின் நம் ஊர் ஜினாலயத் திருப்பணி பற்றி ஒரு முடிவு எடுக்கவேண்டியிருந்தது. கடற்கரையில் நிற்கும் பழங்கட்டடங்களைப் பார்த்துவருவது அதற்கு உதவும் என்பதும் நம் எண்ணம்.

தாமிரபரணியைத் துணையாகக் கொண்டு ஆதிச்சநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வழியே செல்லும் சாலையில், நஞ்சை வயலும் வாழைத் தோட்டமும் முடிந்து பனையும் செம்மணலும் தொடங்கும்போதே காற்றில் உப்பு தெரிகிறது. அந்த உப்பே இப்பாடத்தின் முதற்பொருள்.

மணற்கல்லும் கருங்கல்லும்

திருச்செந்தூர்க் கோயில் நிற்பது கடலையொட்டிய ஒரு மணற்பாறைத் திட்டின்மீது. கடல் மணலும் சிப்பித் துகளும் சுண்ணாம்பினால் பிணைக்கப்பட்டு, நெடுங்காலம் இறுகிப் பாறையான கல் அது. வெட்டுவதற்கு எளிது, அதனாலேயே இங்கு வள்ளிகுகை போன்ற குடைவுகள் தோன்றின. நகத்தால் அழுத்தித் தேய்த்தால் மணலாக உதிரும் இடங்களும் அதில் உண்டு. பழைய கோயிலின் பெரும்பகுதி இக்கல்லாலேயே ஆகியிருந்தது. கடற்காற்று அதனை விட்டுவைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது மிகவும் சிதைந்திருந்த நிலையில், மௌன சுவாமிகள் என்னும் துறவி கருங்கல் திருப்பணியைத் தொடங்கினார். அவருக்குப் பின் காசி சுவாமிகளும், அவருக்குப் பின் ஆறுமுக சுவாமிகளும் அப்பணியை ஏற்றனர். பின்னர் வள்ளிநாயக சுவாமிகள் காலத்தில், 1941ஆம் ஆண்டு, அது நிறைவெய்திக் குடமுழுக்கு நிகழ்ந்தது. முதல் மூவரின் சமாதிகளும் கடற்கரையிலேயே உள்ளன. தமக்கெனக் கைப்பொருள் இல்லாத துறவியர் ஒருவர்பின் ஒருவராய் நின்று இரண்டு தலைமுறைக்கு மேல் நடத்திய திருப்பணி அது. சமயம் வேறாயினும் அவ்விடத்தில் நாம் கைகூப்பி நின்றோம்.

அவர்கள் செய்தது பழுது நீக்குதல் அன்று, கல்லையே மாற்றுதல். அக்காலத்தில் வேறு வழி இருந்திருக்காது. இடிந்து விழும் நிலையில் இருந்த கோயிலுக்குக் கருங்கல் உயிர் தந்தது. ஆயினும், பழைய மணற்கற்களோடு அவற்றின்மீதிருந்த உளிவேலையும் போயிற்று என்பதை மறுக்க இயலாது. கல்லை மாற்றுவது எப்பொழுதும் கடைசி மருந்து. அதற்கு முன் செய்யத்தக்கவை பல இருந்து, அவற்றைச் செய்யாமல் நேரே கடைசி மருந்துக்குச் செல்வதுதான் இன்று பல ஊர்களில் நடக்கிறது.

அண்மையில் பெரும்பொருட் செலவில் இக்கோயிலில் மீண்டும் திருப்பணிகள் நடந்து 2025 ஜூலை 7ஆம் நாள் குடமுழுக்கு நிகழ்ந்தது. அதே ஆண்டு ஜனவரியில் கடல் அரித்ததால், கரையில் புதைந்து கிடந்த தீர்த்தக் கல்வெட்டுகள் சில வெளிப்பட்டன. ஒருபக்கம் மனிதர் கட்ட, மறுபக்கம் கடல் தோண்டுகிறது.

திருச்செந்தூருக்குத் தெற்கே உள்ள மணப்பாட்டிலும் இதே வகை மணற்பாறைதான் கடலுக்குள் நீண்டு நிற்கிறது. 1542ஆம் ஆண்டில் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகை அப்பாறையில் உள்ளது. 1581ஆம் ஆண்டின் திருச்சிலுவை ஆலயம் அதன் மேட்டில் நிற்கிறது. முருகன் கோயிலாயினும் மாதா கோயிலாயினும் கடற்காற்று வேறுபாடு பார்ப்பதில்லை. மணப்பாட்டுப் பாறையில் காற்றை நோக்கிய பக்கம் தேன்கூடுபோலக் குழிகுழியாக இருக்கிறது. காற்று படாத பக்கம் ஓரளவு வழவழப்பாக உள்ளது. ஒரே பாறை, ஒரே வயது. ஆகவே கல்லைத் தின்பது முதுமை மட்டும் அன்று.

உப்பு செய்யும் வேலை

கடல் அலை உடையும்போது நுண்ணிய நீர்த்துளிகள் காற்றில் ஏறுகின்றன. அவை கல்லின்மீது படிந்து, அதன் நுண்துளைகள் வழியே உள்ளே செல்கின்றன. வெயில் ஏறியதும் நீர் ஆவியாகிறது, உப்பு ஆவியாவதில்லை. அது துளைக்குள்ளேயே பளிங்குமணியாக வளர்கிறது. வளரும் மணி தன்னைச் சூழ்ந்த சுவரை நெம்புகிறது. ஒரு மணியின் விசை சிறிதே. ஆயிரமாயிரம் மணிகள் நாள்தோறும் நெம்பினால் கல்லின் மேற்படலம் தளர்ந்து மணலாக உதிர்கிறது.

இதில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டுக்கு மேற்பட்டால் சமையல் உப்பு தானே ஈரம் ஏற்றுக் கரையும். அதற்குக் கீழே இறங்கினால் மீண்டும் இறுகும். மழைக்காலத்தில் நம் வீட்டு உப்புச் சாடியில் நீர் கோத்துக்கொள்வதை யாவரும் கண்டிருக்கிறோம். கடற்கரை ஊரில் இரவில் ஈரப்பதம் இவ்வெல்லையைக் கடப்பதும் பகலில் இறங்குவதும் ஆண்டில் பலநாள் நிகழ்வன. எனவே உள்ளே புகுந்த உப்பு ஒருமுறை வேலை செய்துவிட்டு ஓய்வதில்லை. இரவில் கரைந்து பகலில் இறுகி மீண்டும் மீண்டும் நெம்புகிறது. புதிதாக ஒரு துளிக் கடல்நீரும் வாராவிடினும் பழைய உப்பே போதும்.

மணற்கல்லில் துளைகள் மிகுதி. நல்ல கருங்கல்லில் அவை நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. செந்தூர்த் துறவியர் கருங்கல்லைத் தேர்ந்ததன் காரணம் இதில் விளங்கும். எனினும் கருங்கல்லும் முற்றிலும் தப்புவதில்லை. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் கருங்கல்லே. அதன் சிற்பங்கள் முகம் மழுங்கி நிற்பதைக் காணலாம். அங்கே மத்தியத் தொல்லியல் துறையினர் கடல் நேரே மோதாதபடி பெருங்கற்களைக் கொட்டி அரண் அமைத்தனர். காற்றைத் தடுக்கச் சவுக்குத் தோப்பு வளர்த்தனர். கல்லுக்குள் புகுந்த உப்பை எடுக்க அவர்கள் கையாளும் முறை எளியது. காகிதக் கூழை உப்பற்ற தூய நீரில் குழைத்துக் கல்லின்மேல் அப்புகின்றனர். ஈரம் உள்ளே சென்று உப்பைக் கரைக்கிறது. கூழ் உலரும்போது, கரைந்த உப்பு வெளியே இழுக்கப்பட்டுக் கூழில் தங்குகிறது. கூழை எடுத்துவிட்டு மீண்டும் புதிதாக அப்புகின்றனர். கட்டிக்குப் பற்றுப் போட்டுச் சீழை இழுக்கும் நம் பாட்டி வைத்தியம்தான் இது.

வலிய சாந்தும் மெலிய கல்லும்

இனி நம் குற்றத்திற்கு வருவோம். தொண்டை நாட்டில் உள்ள நம் ஊர் ஜினாலயம் செங்கல்லும் சுண்ணாம்பும் கருங்கல்லும் கலந்து கட்டப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் அதன் வடசுவரில் பழைய சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்தது. பக்தியுள்ள அன்பர் ஒருவர் பொருளுதவி செய்தார். நாமும் உடனிருந்து, பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்டு பூசச் செய்தோம். அதன்மேல் எனாமல் பெயிண்டும் அடித்தோம். அன்று சுவர் கண்ணாடிபோல் மின்னியது. ஐந்தாறு மழைக்காலம் சென்றபின் பெயிண்டு கொப்புளித்தது. சிமெண்டுப் பூச்சு பலகை பலகையாகப் பெயர்ந்தது. பெயர்ந்தபோது அதன் முதுகில் செங்கல்லின் தோலும் ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே இருந்த செங்கல் மாவாகியிருந்தது. சுதையாலான ஒரு யட்சியின் தோள்வளையும் அதனோடு போயிற்று. கொத்தனார்மேல் பழி சொல்ல இயலாது. அவர் நாம் சொன்னதைச் செய்தார்.

நடந்தது இதுதான். பழஞ்சுவர் ஒருபோதும் முற்றும் உலர்ந்திருப்பதில்லை. தரையிலிருந்து ஈரம் ஏறும், கூரையிலிருந்து இறங்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே மூச்சாக விடுகிறது. சிமெண்டு அவ்வாறு எளிதில் விடுவதில்லை. எனாமல் பெயிண்டோ சிறிதும் விடுவதில்லை. ஈரம் உள்ளேயே தங்கி, தான் கொண்டுவந்த உப்பைச் செங்கல்லுக்குள் சேர்த்துவைக்கிறது. மேலும் சிமெண்டிலேயே கரையும் உப்புகள் உண்டு. கல் இடுக்குகளில் சிமெண்டு வைத்துப் பூசினாலும் இதே கதைதான்: ஈரம் இடுக்கின் வழியே வெளியேற முடியாமல் கல்லின் வழியே வெளியேறும், உப்பு கல்லில் தங்கும், நாளடைவில் கல் தேய்ந்து குழிய, சிமெண்டுக் கோடுகள் மட்டும் எலும்புபோல் துருத்தி நிற்கும். சாந்து கல்லைவிட மெலியதாக இருக்கவேண்டும் என்பது பழங்கட்டடம் காப்போரின் முதல் விதி. கெடவேண்டுமானால் சாந்து கெடட்டும். அதை மீண்டும் பூசலாம். கல்லை யார் மீண்டும் செய்வது?

இந்தத் தவற்றை நாம் மட்டும் செய்யவில்லை என்பது ஒரு சிறு ஆறுதல். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பழைய மாதா கோயில்களைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லி, சுவர்ப் பூச்சையெல்லாம் சுரண்டி, பிற்காலச் சேர்க்கை என்று கருதியவற்றையெல்லாம் அகற்றினர். இதனை எதிர்த்து வில்லியம் மாரிஸ் என்னும் கவிஞர் 1877ஆம் ஆண்டில் ஒரு சங்கம் தொடங்கினார். பழைய கட்டடத்தைப் பேணுங்கள், புதிதாக்காதீர்கள் என்பதே அதன் கொள்கை. அந்நாட்டில் வெல்ஸ் என்னும் ஊரின் பேராலயத்தில், மேற்கு முகப்பில் 13ஆம் நூற்றாண்டுச் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் ஏறத்தாழ 300 எஞ்சியுள்ளன. முன்னிருந்தோர் அவற்றில் வைத்த சிமெண்டு ஒட்டுகளை எடுத்துவிட்டு, 1970களிலும் 1980களிலும் ராபர்ட் பேக்கர் என்பவரின் வழிகாட்டலில் சுண்ணாம்பு வைத்தியம் செய்தனர். சிற்பங்களின்மேல் சுண்ணாம்புப் பற்றுப் போட்டு, சுண்ணாம்புத் தெளிநீர் ஊட்டி, விரிசல்களை மெல்லிய சுண்ணாம்புச் சாந்தால் அடைத்து, இறுதியில் கல்நிறத்திலேயே ஒரு மெல்லிய மேற்பூச்சு கொடுத்தனர். மழையும் புகையும் முதலில் அந்த மேற்பூச்சைத்தான் தின்னும். அதனைத் தியாகப் பூச்சு என்று நாம் பெயரிடலாம்.

ஏதென்ஸ் நகரத்து அக்ரோபோலிஸில் நேர்ந்தது இன்னும் கடுமையானது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குள்ள கோயில்களின் பளிங்குக் கற்களை இரும்புப் பட்டைகளால் இணைத்தனர். பழங்கால கிரேக்கரும் இரும்பால்தான் இணைத்தனர். ஆனால் அதைச் சுற்றி ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினர். ஈயத்தை விட்டுவிட்டு இரும்பை மட்டும் எடுத்துக்கொண்டதன் பலன், இரும்பு துருப்பிடித்துப் பன்மடங்கு பருத்துப் பளிங்கைப் பிளந்தது. 1975ஆம் ஆண்டில் அமைந்த குழுவினர் அவற்றைக் கழற்றித் துருவேறாத டைட்டேனியம் பட்டைகளை இட்டுவருகின்றனர். ஒரு தலைமுறையின் திருப்பணியைச் சீர்செய்ய இரண்டு தலைமுறைகள் உழைக்கின்றன. நம் ஊர்களில் ஒலிபெருக்கிக்கும் விளக்குக்கும் கல்தூணில் துளையிட்டு இரும்பு ஆணி அறைவோர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

சுண்ணாம்பு பற்றி ஒரு சொல். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, நீற்றி, மாதக்கணக்கில் குழியில் ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லநீரும் சேர்ப்பது நம் நாட்டு முறை. பளபளப்புக்காக முட்டை வெண்கரு சேர்க்கும் வழக்கமும் சில பகுதிகளில் உண்டு. அது நமக்கு ஆகாது, தேவையும் இல்லை. சிப்பி சுட்ட சுண்ணாம்பு பற்றியும் அன்பர்கள் கேட்கின்றனர். கல்லிலிருந்து எடுத்த சுண்ணாம்பு கிடைக்கும்போது அந்த ஐயத்திற்கு இடமே வேண்டா.

முன்னோர் புதுக்கிய முறை

திருச்செந்தூரில் சாசனம் வைத்த அதே வரகுணன் ஆட்சியில், சகம் 792இல், அதாவது 870ஆம் ஆண்டில், பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலையில் ஒரு கல்வெட்டு பொறிக்கப்பட்டது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கராகிய சாந்திவீரக் குரவர், அம்மலையில் இருந்த பார்சுவ படாரர் திருமேனியையும் இயக்கியையும் புதுக்கி, திருவமுதுக்கும் அடிகள் ஒருவரின் உணவுக்குமாக 505 காணம் பொன் அளித்தார் என்பது அதன் செய்தி. புதுக்குதல் என்னும் சொல்லை நாம் சிந்திக்கவேண்டும். அவர் பழைய திருமேனியை அகற்றிவிட்டு வேறொன்று செய்யவில்லை, இருந்ததைச் செப்பனிட்டார். செப்பனிட்டதோடு விட்டுவிடவும் இல்லை. தொடர்ந்து பேணுவதற்கு முதலும் வைத்தார். இன்றைய திருப்பணிக் குழுக்கள் குடமுழுக்கு நாளன்று கணக்கை முடித்துவிடுகின்றன. மறுநாளிலிருந்து கூரையைக் கவனிக்க ஒரு காசும் மிஞ்சுவதில்லை.

அதே நூற்றாண்டில், வரகுணனுக்கு முன் ஆண்ட ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் சித்தன்னவாசல் குகைக்கோயிலின் உள்மண்டபத்தைப் புதுக்கி முகமண்டபமும் எடுப்பித்தார். அம்முகமண்டபம் பிற்காலத்தில் வீழ்ந்தது. இன்று அங்கு முன்னே நிற்கும் தூண்கள் 20ஆம் நூற்றாண்டில் புதுக்கோட்டை அரசினர் குடுமியான்மலையிலிருந்து கொணர்ந்து நிறுத்தியவை. உள்ளிருக்கும் தாமரைக் குளத்து ஓவியத்தை வெயிலிலிருந்தும் சாரலிலிருந்தும் அம்மண்டபமே காத்துவருகிறது. ஓவியத்தின்மீது எதுவும் செய்யாமல் அதற்கு முன்னே ஒரு நிழல் செய்தார்கள், அதுவும் திருப்பணிதான்.

இதற்கும் முற்பட்ட உத்தி ஒன்றுண்டு. பாண்டிய நாட்டுக் குன்றுகளில் நம் முனிவர் உறைந்த குகைத்தளங்களைக் கண்டோர் அறிவர்: குகை வாயிலின் மேல், பாறையின் நெற்றியில், புருவம்போல நீண்ட காடி ஒன்று வெட்டப்பட்டிருக்கும். மேலிருந்து வழியும் மழைநீர் அக்காடியில் தடைப்பட்டு வெளியே சொட்டும். உள்ளே படுகை நனையாது. பாளையங்கோட்டைக்கு அருகில் மருகால்தலையில், வெண்காசிபன் என்பவர் கொடுப்பித்த கற்படுகையைக் குறிக்கும் தமிழிப் பொறிப்பு உள்ளது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது அது. இத்தகைய பொறிப்புகள் இத்தனை நூற்றாண்டும் படிக்கக் கூடியனவாய் நிற்பதில் இக்காடிகளுக்கும் பங்குண்டு. கூர் உளியால் வெட்டிய ஒரு கோடு. அதனைத் தவிர வேறு பராமரிப்பு இல்லை.

கழுகுமலையில் எழுந்த வினா

மறுநாள் கழுகுமலை ஏறினோம். கோவில்பட்டிக்கு மேற்கே 20 கிலோமீட்டர் அளவில் உள்ள இம்மலையில், 8, 9ஆம் நூற்றாண்டுகளில் செதுக்கிய ஏறத்தாழ 150 திருவுருவங்கள் வரிசை வரிசையாக எழுந்தருளியுள்ளன. தீர்த்தங்கரர் பலர், பாகுபலி, பார்சுவநாதர், அம்பிகை ஆகியோரும் உளர். கீழே நூறளவிலான வட்டெழுத்துப் பொறிப்புகள், செய்வித்தவர் பெயரைக் கூறுகின்றன. அரசர் பெயர்களைவிடக் குரவர், குரத்தியர், ஊர்க் குடிமக்கள் பெயர்களே மிகுதி. திருச்சாரணத்துக் குரத்தியர் இங்கு வந்து திருமேனி செய்வித்திருக்கின்றனர் என்பதைப் படித்துச் சொன்னபோது, உடன்வந்த மூதாட்டியர் முகம் மலர்ந்ததைக் காணவேண்டுமே!

வெட்டுவான்கோயிலும் இத்திருவுருவங்களும் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கு எதனையும் மாற்றவோ பூசவோ எவருக்கும் உரிமை இல்லை. ஆயினும் எந்த மலையானாலும், பக்தி மேலீட்டால் எண்ணெய் சார்த்துவோரும் சந்தனம் அப்புவோரும் நம்மவரிலேயே உண்டு. எண்ணெய் கல்லில் ஊறித் தூசியைப் பிடித்து, கருத்த பிசினாகும். பொறிப்பின் எழுத்துப் பள்ளங்கள் அதில் அடைபடும். சிரவணபெளகுளத்தில் 58 அடி உயரக் கோமடேசுவரருக்கு முழுத் திருமுழுக்கு 12 ஆண்டுக்கு ஒருமுறை என்பதே மரபு. கடைசியாக நிகழ்ந்தது 2018இல். அன்றாட அபிஷேகம் திருவடிக்கு மட்டுமே. அம்மரபு எக்காரணத்தால் எழுந்ததாயினும், கல்லுக்கு அது நலமே செய்திருக்கிறது. வெட்டவெளிப் பாறையிலுள்ள திருமேனிக்குக் கைகூப்பலும் நறுமலரும் போதும். பாவனையே பூஜை என்று நாமே பிறருக்குச் சொல்கிறோம் அன்றோ?

பாறையில் நீர் வழிந்த தடங்களில் கரும்பாசியும், வெண்சாம்பல் நிறக் கற்பாசியும் படர்ந்திருந்தன. மசாலையில் இடும் கற்பாசியின் இனம்தான் அது. அதன் வேர்போன்ற இழைகள் கல்லின் நுண்துளைக்குள் செல்லும். அது சுரக்கும் புளிப்பு கல்லின் மணிகளைத் தளர்த்தும். தொல்லியல் துறையினர் அளவாக நீர்த்த அம்மோனியாக் கரைசலும் மென்தூரிகையும் கொண்டு அதனை நீக்குவது வழக்கம். இதனை நாம் விளக்கிக்கொண்டிருந்தபோது, எழுபது வயது கடந்த சிராவகி ஒருவர் கேட்டார்: “தம்பி, பாசியும் ஓரறிவு உயிர்தானே? பகவான் திருமேனிக்காக என்று சொல்லி, அந்த உயிரைக் கொன்றால் அதைப் பகவான் ஏற்பாரா?”

கூட்டம் அமைதியாயிற்று. ஆரம்பத்தால் வரும் இம்சை இல்லறத்தாருக்கு முற்றும் விலக்க இயலாதது, சங்கற்ப இம்சையே கட்டாயம் விலக்கத்தக்கது என்னும் நூல் விடை நமக்குத் தெரியும். அதனைச் சொன்னோம். அம்மையார் தலையசைத்தார்; ஆனால் நிறைவடையவில்லை. உண்மையில் நமக்கும் நிறைவில்லை. பாசியில் அளவற்ற நிகோத சீவன்கள் உண்டு என்று கற்பித்துவிட்டு, அதைச் சுரண்டுவதை ஆரம்பம் என்று எளிதாகக் கடந்துபோவது சரியா?

இறங்கும்போது மருகால்தலைக் காடி நினைவுக்கு வந்தது. ஈரமில்லாத இடத்தில் பாசி பிறப்பதில்லை. பிறவாத உயிரைக் கொல்லவேண்டியதும் இல்லை. பாறை நெற்றியில் ஒரு காடி வெட்டிய நம் முன்னோர் கல்லையும் காத்தனர், விரதத்தையும் காத்தனர். நீர் வரும் வழியைத் தடுப்பதே கல்லைக் காக்கும் தலையாய முறை என்று இன்றைய அறிவியல் சொல்கிறது. நம் அறத்தின் வழியும் அதுவே. சுரண்டுவதும் கழுவுவதும் அதில் தவறியபின் செய்யும் பரிகாரங்கள். நெருப்பும் மணலும் கொண்டு கல்லைத் துலக்குவது இன்னும் கொடிது. மணல்வீச்சு முறையால் எத்தனையோ கோயில்களில் தூண்களின் உளித்தடங்களும் எழுத்துகளும் மழுங்கின. பலத்த கண்டனத்திற்குப் பின்னரே அது விலக்கப்பட்டது.

அம்மையாரிடம் இதனைச் சொன்னபோது, “இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, தம்பி” என்றார்.

ஆகவே நம் ஜினாலயங்களில் முதலில் பார்க்கவேண்டியது கூரை. செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் காரையும் தட்டோடும் பெயர்ந்த இடம் எது, மழைநீர்த் தூம்பில் சருகு அடைத்திருக்கிறதா, சுவர் ஓரத்தில் நீர் தேங்குகிறதா என்பதை ஆடியிலேயே பார்த்துவிடவேண்டும். ஒழுகும் கூரைமேல் சிமெண்டுத் தளம் ஒன்றை ஏற்றிவிடுவது எளிய வழியாகத் தோன்றும். பழைய சுவர் அந்தச் சுமைக்காகக் கட்டப்பட்டதன்று. விமானத்தில் பறவை எச்சத்தால் முளைக்கும் ஆலும் அரசும் இரண்டிலை விடும்போதே பெயர்த்து வேறிடத்தில் நட்டால் மரமும் வாழும், விமானமும் வாழும். மூன்றாண்டு விட்டுவிட்டால் இரண்டில் ஒன்று அழிந்தே தீரும். உபயதாரர் கேட்கும் பளிங்குத் தரைக்கும் பெயர்ப்பலகைக்கும் முன்னே இவற்றுக்குச் செலவிடவேண்டும் என்று சொல்ல நமக்குத் துணிவு வேண்டும். கூரைமேல் செய்த வேலையில் பெயர் பொறிக்க இடமில்லை என்பதுதான் அன்பர்களின் தயக்கத்திற்குக் காரணமோ என்று சில வேளை தோன்றுகிறது.

ஊர் திரும்பியதும் தர்மகர்த்தாக்கள் கூட்டத்தில் இதனையெல்லாம் எடுத்துரைத்தோம். முழு ஜினாலயத்தையும் பிரித்துக் கருங்கல்லில் கட்டுவது என்று முன்னர்ப் பேசியிருந்தனர். நீண்ட வாதத்திற்குப் பின், அதனை நிறுத்திவைத்து, முதலில் கூரையைச் செப்பனிட்டு, வடசுவரின் சிமெண்டை மட்டும் மெல்ல நீக்கிச் சுண்ணாம்பு பூசிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. இரண்டு பேர் இன்னும் இசையவில்லை. சுண்ணாம்புப் பூச்சு அறிந்த முதிய கொத்தனார் ஒருவர் பக்கத்து ஊரில் கிடைத்தார். சித்திரையில் நீற்றிய சுண்ணாம்பு ஜினாலயத்தின் பின்புறக் குழியில் ஊறிக்கொண்டிருக்கிறது. மழை ஓய்ந்து, தை பிறந்தபின் பூச்சு தொடங்கும். அதுவரை குழியில் எறும்பும் பூச்சியும் விழாதபடி வலையிட்டு, அதன்மேல் ஓலைத் தட்டி மூடி, காலையும் மாலையும் சென்று பார்த்துவரும் பொறுப்பைக் கழுகுமலையில் வினா எழுப்பிய அம்மையாரே ஏற்றிருக்கிறார்.